கடல் கடந்து பாடும் வியன்னாச் சிறுவர்கள்

வியன்னா சிறுவர் பாடகர் குழு, ஆஸ்திரியாவின் தலைநகரில் இயங்கும் உலகப் புகழ்பெற்ற சேர்ந்திசைக் குழு. ஒன்பது, பத்து வயதில் சேர்ந்து, பதினான்கு வயதுவாக்கில் விடைபெறும் ஏறத்தாழ 100 சிறுவர்கள் இதில் பாடுகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 300 நிகழ்ச்சிகள்; கேட்க வருவோர் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். 1926இல் வியன்னாவை விட்டு வெளியே பாடத் தொடங்கிய இந்தக் குழு, அன்றிலிருந்து ஆயிரத்தையொட்டிய இசைப் பயணங்களை நடத்தி, நூறு நாடுகள் அளவுக்குச் சென்று வந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய வயதுப் பிள்ளைகள், வாரக்கணக்கில் ஊர் ஊராகப் போய்ப் பெரிய அரங்குகளில் பாடுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு இது படிப்புக்கு இடையே கிடைக்கும் உல்லாசச் சுற்றுலாவாகத் தோன்றலாம். உண்மை வேறு. அரசரின் ஆதரவு போய், அரசின் ஆதரவும் கிடைக்காமல் நின்ற காலத்தில் இந்தக் குழு பிழைத்ததே பயணத்தால்தான். இன்றும் அதன் பள்ளி, விடுதி, பயிற்சி அனைத்தும் பயணத்தை மையமாக வைத்தே திட்டமிடப்படுகின்றன.

அரண்மனைச் சிற்றாலயம்

1498இல் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் தம் அரசவையையும் இசைக் கலைஞர்களையும் இன்ஸ்புருக் நகரிலிருந்து வியன்னாவுக்கு மாற்றினார். அரண்மனை இசைக் குழுவில் ஆறு சிறுவர்களைச் சேர்க்க வேண்டும் என்று அப்போது ஆணையிட்டார். குழுவின் தொடக்கமாக இந்த ஆண்டையே கொள்கிறார்கள். அக்காலக் கத்தோலிக்கத் தேவாலயங்களில் வழிபாட்டு இசையைப் பெண்கள் பாடும் வழக்கம் இல்லை. உச்ச சுருதியில் பாடச் சிறுவர்களின் குரலே கைகொடுத்தது. ஐரோப்பாவின் பல பேராலயங்களில் சிறுவர் பாடகர் குழுக்கள் தோன்றியதற்கும் இதுவே காரணம்.

1918 வரை இந்தச் சிறுவர்கள் பேரரசருக்காக மட்டுமே பாடினார்கள். ஹோஃப்புர்க் அரண்மனைச் சிற்றாலயத்தின் திருப்பலி, அரச குடும்பத்து விழாக்கள், அரசு நிகழ்ச்சிகள் ஆகியவையே அவர்களின் மேடைகள். அந்த அரண்மனை இசை அமைப்போடு குளூக், மோட்சார்ட், சாலியெரி, புருக்னர் போன்ற பெரிய இசையமைப்பாளர்கள் தொடர்பு கொண்டிருந்தார்கள்.

இங்கே பாடிய சிறுவர்களில் தலைசிறந்தவர் ஃபிரான்ஸ் ஷூபர்ட். 1808இல், பதினொரு வயதில், தேர்வில் வென்று சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் பாடியபின் அவர் குரல் உடைந்தது. பீட்டர் வின்ட்டர் என்பவர் இயற்றிய திருப்பலி இசையில் தாம் பாடிவந்த பகுதியின் சுவடித் தாளில், 1812 ஜூலை 26 அன்று கடைசி முறையாகக் கூவியதாக ஷூபர்ட் தம் கையாலேயே குறித்துவைத்தார். பதினைந்து வயதுச் சிறுவன் எழுதிய அந்த ஒற்றை வரி இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

அரசு போனது, பாட்டு நின்றது

முதல் உலகப் போரில் தோற்ற ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு 1918இல் சிதறியது. புதிய குடியரசு அரண்மனையின் வாத்தியக் கலைஞர்களையும் வயதுவந்த பாடகர்களையும் தன் பொறுப்பில் ஏற்றது, சிறுவர்களை ஏற்கவில்லை. அவர்களுக்குச் சோறும் படுக்கையும் படிப்பும் தர வேண்டும். போரில் நொடித்த நாட்டிடம் அதற்குப் பணம் இல்லை. நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒலித்த சிறுவர் குரல்கள் நின்றன.

அதை மீட்டவர் யோசஃப் ஷ்னிட் என்ற பாதிரியார். 1921இல் சிற்றாலயத்தின் பொறுப்பை ஏற்ற அவர், தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டுச் சிறுவர்களைத் திரட்டினார். 1924இல் குழு தனியார் அமைப்பாக மறுபிறப்பு எடுத்தது. பேரரசு காலத்தில் சிறுவர்கள் இடையில் குறுவாளுடன் இராணுவ மாணவர் சீருடை அணிந்தார்கள். ஷ்னிட் அதை மாற்றி, அக்கால ஐரோப்பியச் சிறுவர்களிடையே பரவியிருந்த மாலுமி உடையைக் கொண்டுவந்தார். அகன்ற கழுத்துப்பட்டை கொண்ட அந்த உடைதான் இன்றும் குழுவின் அடையாளம்.

ஷ்னிட்டின் கைப்பணம் நெடுநாள் தாங்கவில்லை. 1926 முதல் சிறுவர்கள் தேவாலயத்துக்கு வெளியே கட்டண நிகழ்ச்சிகளில் பாடத் தொடங்கினார்கள். வழிபாட்டுப் பாடல்களோடு நாட்டுப்புறப் பாடல்களும், சிறுவர்களே வேடமிட்டு நடிக்கும் சிறிய இசை நாடகங்களும் மேடையேறின. மோட்சார்ட் தம் பன்னிரண்டாம் வயதில் இயற்றிய 'பாஸ்டியனும் பாஸ்டியென்னும்' அவற்றில் ஒன்று. வரவேற்பு எதிர்பார்த்ததை மிஞ்சியது. ஓராண்டுக்குள்ளாகவே பெர்லின், பிராக், சூரிச் என அயல்நாட்டு அழைப்புகள் வரத் தொடங்கின.

கப்பல் வழியே உலகம்

1928இல் ஏதென்ஸ், ரீகா, 1929இல் ஸ்பெயின், பிரான்ஸ், டென்மார்க், நார்வே, சுவீடன், 1932இல் அமெரிக்கா, 1934இல் ஆஸ்திரேலியா, 1936இல் தென்னமெரிக்கா. பத்தே ஆண்டுகளில் அரண்மனைக்குள் அடைந்திருந்த ஒரு சிறுவர் குழு உலகின் பெரும்பகுதியைத் தொட்டுவிட்டது. கண்டம் விட்டுக் கண்டம் விமானத்தில் பறக்கும் வசதி பரவலாக இல்லாத காலம் அது. அட்லாண்டிக்கைக் கடக்கவே பல நாள் கப்பலில் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியா என்றால் வாரக்கணக்கு. பாடமும் பாட்டுப் பயிற்சியும் கப்பலிலேயே நடந்தாக வேண்டியிருந்தது.

அமெரிக்கப் பயணத்தை ஏற்று நடத்தியவர் சோல் ஹுரோக். ரஷ்யப் பேரரசிலிருந்து குடிபெயர்ந்து, ஐரோப்பியக் கலைஞர்கள் பலரை அமெரிக்க மேடைகளுக்குக் கொண்டுவந்த நிகழ்ச்சி ஒப்பந்தக்காரர் அவர். 1930களின் தொடக்கம் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தக் காலம். அந்த நிலையிலும் மக்கள் சீட்டு வாங்கி வந்து கேட்டார்கள். அதன்பின் அமெரிக்கா குழுவின் நிரந்தரப் பயண வட்டத்தில் இடம்பிடித்தது.

போர் மூண்ட நாளில் அயல் மண்ணில்

1938இல் நாஜி ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. குழுவைக் கட்டியெழுப்பிய ஷ்னிட் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். சிறுவர்களின் பாட்டும் ஆட்சியாளர்களின் கைக்குள் போனது.

இளையோர் இசைப் பயணத்தில் எவ்வளவு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கக்கூடும் என்பதை 1939இல் வேறொரு வியன்னாக் குழு அனுபவித்தது. வியன்னா மோட்சார்ட் சிறுவர் பாடகர் குழு என்பது அதன் பெயர். முன்பு வியன்னா சிறுவர் குழுவோடு பணியாற்றிய கேயார்க் குரூபர் தொடங்கி நடத்திய தனிக் குழு அது. உலகப் பயணம் புறப்பட்ட அச்சிறுவர்கள் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஜெர்மன் குடியுரிமையில் இருந்த அவர்கள் ஒரே நாளில் எதிரி நாட்டவர் ஆனார்கள். ஊர் திரும்பக் கப்பல் இல்லை.

மெல்போர்ன் பேராயர் டேனியல் மானிக்ஸ் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். உள்ளூர்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஆளுக்கு ஒருவராகத் தங்கள் வீடுகளில் வைத்து வளர்த்தன. படிப்புக்கு ஏற்பாடு செய்தன. புனித பேட்ரிக் பேராலயத்தில் பாடுவது அவர்கள் கடமை. நடத்துநர் குரூபரை அரசு கைது செய்து முகாமில் அடைத்தது. போருக்குப் பின் நாட்டைவிட்டு அனுப்பியது. சில மாதங்களில் முடிய வேண்டிய பயணம், சிறுவர்கள் இளைஞர்களாக வளரும்வரை நீண்டது. பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவிலேயே தங்கிவிட்டார்கள். அந்தப் பேராலயத்தின் சிறுவர் பாடகர் குழு, அவர்கள் விதைத்த மரபில் இன்றும் தொடர்கிறது.

ஆவுகார்ட்டென் மாளிகையும் நான்கு குழுக்களும்

போர் முடிந்ததும் ஷ்னிட் திரும்பிவந்து குழுவை மீண்டும் கட்டியெழுப்பினார். 1948 முதல் வியன்னாவின் ஆவுகார்ட்டென் பூங்காவிலுள்ள பழைய அரச மாளிகை அதன் இருப்பிடம். பள்ளி, விடுதி, பயிற்சிக் கூடங்கள் அனைத்தும் அங்கேயே உள்ளன. பூங்காவின் ஓரத்தில் 2012இல் 'மூட்' என்ற பெயரில் சுமார் 400 பேர் அமரக்கூடிய இசையரங்கும் எழுந்தது. 1955இல் குழு முதன்முறையாக ஜப்பான் சென்றது. அந்நாட்டு ரசிகர்கள் அதை இன்றுவரை விடாமல் கொண்டாடுகிறார்கள். 1962இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் இந்தச் சிறுவர்களை வைத்தே ஒரு திரைப்படம் எடுத்தது. உலகப் பயணம் நெருங்கும் நேரத்தில் குரல் உடைந்துபோகும் ஒரு சிறுவனின் தவிப்பே அதன் கதை.

இன்றைய ஏற்பாட்டின் திறவுகோல், சிறுவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்திருப்பது. ஹைடன், மோட்சார்ட், ஷூபர்ட், புருக்னர் ஆகிய நான்கு இசையமைப்பாளர்களின் பெயர்களை அவை தாங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 25 பேர். தனித்தனி இசை நடத்துநர். முதல் தரம், இரண்டாம் தரம் என்ற பாகுபாடு கிடையாது. நான்கும் ஒரே பெயரில், ஒரே உடையில், ஒரே தரத்தில் பாடும்.

ஒரு குழு ஜப்பானில் இருக்கும்போது இன்னொன்று ஐரோப்பாவில் இருக்கலாம். மூன்றாவது வகுப்பறையில் பாடம் படிக்கும். நான்காவது அரண்மனைச் சிற்றாலயத்தின் ஞாயிறு திருப்பலியில் பாடும். ஒவ்வொரு குழுவும் ஆண்டுக்கு ஒன்பது முதல் பதினொரு வாரங்கள் பயணத்தில் இருக்கும். எந்தச் சிறுவனும் ஆண்டு முழுவதும் சூட்கேசோடு அலைவதில்லை. அதேநேரம் குழுவின் பெயர் ஏதாவது ஓர் ஊரில் பெரும்பாலும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. திருப்பலியில் சிறுவர்களோடு வாசிப்பவர்கள் வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் கலைஞர்கள். உடன் பாடுபவர்கள் அரசு இசைநாடக அரங்கின் ஆண் பாடகர்கள். மோட்சார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' இசைநாடகத்தில் வரும் மூன்று சிறுவர் வேடங்களுக்கும் இந்தக் குழுவிலிருந்து பாடகர்கள் போவதுண்டு.

குரல் எப்படித் தயாராகிறது

நம் கச்சேரிகளில் எத்தனை பேர் சேர்ந்து பாடினாலும் பாட்டின் மெட்டு ஒன்றே. மேற்கத்தியச் சேர்ந்திசையில் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று, நான்கு மெட்டுகள் நடக்கும். அவை ஒன்றோடொன்று இசைவாகப் பொருந்தும்போது எழும் முழு ஒலிதான் பாட்டு. சிறுவர் குழுவில் மேல் பகுதியைப் பாடுபவர்கள் சொப்ரானோ, கீழ்ப் பகுதியைப் பாடுபவர்கள் ஆல்ட்டோ. அவற்றுக்குள்ளும் முதல், இரண்டாம் எனப் பிரிவுகள் உண்டு. வயதுவந்த ஆண்களின் குரல் பயணத்தில் பொதுவாக இருக்காது. அதனால், ஆண்களும் சேர்ந்து பாடுவதற்கென எழுதப்பட்ட பாடல்களைச் சிறுவர் குரல்களுக்கு மட்டும் பொருந்துமாறு மாற்றி எழுதிக்கொள்கிறார்கள்.

பயிற்சி மூச்சிலிருந்து தொடங்குகிறது. தோளை உயர்த்தாமல் விலாவும் வயிறும் விரிய மூச்சிழுத்து, அதைச் சிறிது சிறிதாக விட்டுப் பாடப் பழக வேண்டும். ஒரு நீண்ட வரியை இருபத்தைந்து பேர் பாடும்போது எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டில் ஓட்டை விழும். பக்கத்தில் நிற்பவன் வாங்காத இடத்தில் இவன் வாங்க வேண்டும். விட்டு மீண்டும் சேரும்போது தன் குரல் தனியே தெறிக்காமல் மெல்லக் கலக்க வேண்டும். கேட்பவர் காதுக்கு ஒலி அறுபடாமல் ஓடும். தன் குரலைவிடப் பக்கத்தவன் குரலை அதிகம் கேட்பவனே நல்ல சேர்ந்திசைப் பாடகன்.

அடுத்தது உயிரெழுத்துகளின் ஒலிப்பு. ஒருவன் வாயை அகலமாகவும் இன்னொருவன் குவித்தும் ஒரே உயிரொலியைப் பாடினால், சுருதி சரியாக இருந்தும் குரல்கள் ஒட்டாது. பல நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் ஒரே குழுவில் நிற்கும்போது இதற்குக் கூடுதல் உழைப்பு தேவை. லத்தீன், ஜெர்மன், ஆங்கிலம் தவிர, போகும் நாட்டின் மொழியிலும் ஓரிரு பாடல்களைக் கற்றுக்கொள்கிறார்கள். மேடையில் பெரும்பாலும் ஏடு இல்லாமல் மனப்பாடமாகவே பாடுகிறார்கள். கண்கள் தாளில் இல்லாமல் நடத்துநர்மேல் இருப்பதால் அவர் விரலசைவுக்குக் குரல் உடனே பணிகிறது.

மகரக்கட்டு உடையும் நாள்

சிறுவர் குழு ஒவ்வொன்றும் ஓயாமல் காலத்தோடு போட்டியிடுகிறது. பருவமடையும்போது சிறுவனின் குரல்வளை பெரிதாகிறது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழிறங்குகிறது. தமிழ் நாடகக் கம்பெனிகளின் காலத்தில் மகரக்கட்டு உடைவது என்று சொல்லப்பட்ட அதே மாற்றம்தான் இது. சிலருக்குச் சில மாதங்களில் முடியும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் நீளும். அந்த நாட்களில் உச்சத்தில் பாடப்போனால் குரல் பிசிறும், திடீரென்று பிளக்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டில், இசையமைப்பாளர் பாக் வாழ்ந்த லைப்சிக் நகரத்துப் பாடகச் சிறுவர்களுக்குப் பதினாறு, பதினேழு வயதுவரைகூட மேல் குரல் நீடித்தது. ஊட்டச்சத்து மேம்பட்டதாலும் நோய்கள் குறைந்ததாலும் பருவமடையும் வயது கீழிறங்கிவிட்டது. இன்று பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பலருக்குக் குரல் மாறத் தொடங்குகிறது. ஒரு சிறுவனுக்குப் பயிற்சி கொடுத்து மேடைக்குத் தயாராக்க ஓரிரண்டு ஆண்டுகள் ஆகும். அதன்பின் அவன் முழுத் திறனோடு பாடும் காலம் மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும். ஐந்தாண்டு இடைவெளியில் இருமுறை குழுவைக் கேட்பவர், இரண்டாம் முறை பெரும்பாலும் முற்றிலும் வேறு பிள்ளைகளையே கேட்கிறார்.

பயணத் திட்டம் ஓராண்டுக்கும் முன்பே முடிவாகிவிடுவதால் இது நடத்துநருக்குப் பெரிய சிக்கல். இன்று தனிப்பாட்டுப் பாடும் சிறுவன், பயணம் புறப்படும் நாளில் அதே குரலோடு இருப்பான் என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு தனிப்பாட்டுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட சிறுவர்கள் தயாராக வைக்கப்படுகிறார்கள். குரல் கனக்கத் தொடங்கியவனை முதலில் சொப்ரானோவிலிருந்து ஆல்ட்டோவுக்கு மாற்றுவார்கள். கட்டாயப்படுத்தி மேலே பாடவைத்தால் குரலுக்கு நெடுநாள் கேடு வரும் என்பதை அனுபவமுள்ள ஆசிரியர்கள் அறிவார்கள்.

பயணத்தின் ஒரு நாள்

பயணக் குழுவில் சிறுவர்களோடு நடத்துநரும், பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பாளர்களும் செல்கிறார்கள். அமெரிக்கா போன்ற பரந்த நாட்டில் ஊருக்கு ஊர் பேருந்துப் பயணம்தான். முதல் நாள் இரவு ஓர் ஊரில் பாடி, மறுநாள் காலை கிளம்பி, பல மணி நேரம் ஓடி, மாலையில் அடுத்த ஊரில் மேடையேறுவது வழக்கம். பேருந்தில் ஏறியதும் தலைகளை எண்ணுவது பொறுப்பாளரின் முதல் வேலை. உடைகளைத் துவைத்துத் தேய்த்து வைப்பது, காய்ச்சல் இருமல் வந்தவனைத் தனியே ஓய்வெடுக்க வைப்பது, பெற்றோருடன் பேச நேரம் ஒதுக்குவது என்று மேடைக்குப் பின்னால் நடக்கும் வேலைகள்தான் பயணத்தைத் தாங்குகின்றன.

இருபத்தைந்து பேரில் ஒருவனுக்கு வரும் சளி, ஒரே பேருந்தில் இருப்பதால் இரண்டு மூன்று நாளில் பாதிப் பேருக்குப் பரவக்கூடும். தொண்டைக்கு முதல் மருந்து தூக்கமும் தண்ணீரும். கண்டம் தாண்டிப் போகும்போது தூக்கம் தலைகீழாக மாறுவதால், இறங்கிய உடனே நிகழ்ச்சி வைக்காமல் இடைவெளி விடுவது நல்லது. ஓய்வு நாளில் நீச்சல், கால்பந்து, ஊர் சுற்றிப் பார்ப்பது எல்லாம் உண்டு. வீட்டு நினைவு வந்து வாடும் புதிய சிறுவனைத் தேற்றுவதில், முன்பே பயணம் போய்வந்த மூத்த சிறுவர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

மாலையில் அரங்குக்குப் போனதும் முதலில் நடப்பது ஒலிச் சோதனை. கற்கூரை உயர்ந்த தேவாலயத்தில் ஒரு சுரம் நின்ற பிறகும் அதன் எதிரொலி சில விநாடிகள் மிதக்கும். அங்கே வேகமாகப் பாடினால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். துணித்திரையும் மெத்தை நாற்காலியும் நிறைந்த நாடக அரங்கு ஒலியை உறிஞ்சிவிடும். அங்கே நீட்டிப் பாடினால் பாட்டு வறண்டுபோகும். ஒரே பாடலை ஒவ்வோர் ஊரிலும் சற்று வேறு வேகத்தில், வேறு அழுத்தத்தில் பாட வேண்டியிருப்பது இதனால்தான். யார் எங்கே நிற்பது என்பதையும் அந்த அரை மணி நேரத்தில் நடத்துநர் முடிவு செய்கிறார்.

நிகழ்ச்சியில் வாத்தியக் குழு எதுவும் இருக்காது. ஒரு பியானோ போதும். நடத்துநரே அதை வாசித்தபடி தலையசைவாலும் ஒரு கையாலும் குழுவை நடத்துவார். முதல் பாதியில் வழிபாட்டுப் பாடல்களும் பழைய ஐரோப்பிய இசையும் இருக்கும். அடுத்து ஆஸ்திரிய நாட்டுப் பாடல்கள், பல நாட்டு மக்களின் பாடல்கள், சில வேளை திரைப்பாடல்கள் வரும். முடிவில் ஸ்ட்ராஸ் குடும்பத்தாரின் துள்ளலான நடன இசை இடம்பெறும். வாத்திய இசையாக எல்லோரும் அறிந்த 'நீல டான்யூப்' 1867இல் வியன்னாவில் முதலில் மேடையேறியது ஆண்கள் சேர்ந்திசைப் பாட்டாகத்தான். ஆகவே சிறுவர்கள் அதைப் பாடும்போது அதன் தொடக்க வடிவத்துக்கே கொண்டுபோகிறார்கள்.

அரண்மனைச் சிற்றாலயத்தில் சிறுவர்கள் மேல் மாடத்தில் நின்று பாடுவார்கள். கீழே அமர்ந்திருப்போருக்குக் குரல் மட்டும் கேட்கும், முகம் தெரியாது. திருப்பலி முடிந்தபின்தான் கீழே இறங்கிவந்து பீடத்தின்முன் ஒரு பாடல் பாடுவது வழக்கம். பயண மேடை இதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு முகத்தின்மீதும் விளக்கு விழுகிறது. நிற்கும் முறை, வணங்கும் முறை, பாடாதபோது கைகளை வைத்திருக்கும் முறை எல்லாமே அங்கே பயிற்சியின் பகுதி.

யார் செலவு செய்கிறார்கள்

குழு லாப நோக்கில்லாத தனியார் அமைப்பு. பள்ளி, விடுதி, ஆசிரியர்களின் சம்பளம் ஆகியவற்றுக்கான பணத்தில் பெரும்பங்கு நிகழ்ச்சிகளிலிருந்தே வருகிறது. பயணச் சீட்டு, தங்குமிடம், உணவு, காப்பீடு போக மிஞ்சுவதே வருமானம். பெரிய நகரத்து அரங்கில் கிடைக்கும் தொகை, சிறிய ஊர் நிகழ்ச்சிகளின் குறைவை ஈடுகட்டும் வகையில் பயணப் பாதை அமைக்கப்படுகிறது.

இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய கயிற்றில் நிற்கிறது என்பதை 2020 காட்டியது. கொரோனா பரவியதும் எல்லைகள் மூடப்பட்டன. பயணங்கள் ஒரேயடியாக நின்றன. சேர்ந்து நின்று வாய் திறந்து பாடுவதே நோய் பரப்பும் செயலாகக் கருதப்பட்ட காலம் அது. முதன்மையான வருமானம் வற்றியதால் குழு பொதுமக்களிடம் நன்கொடை கேட்க நேர்ந்தது. கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் முதல் வேலையாகப் பயணங்கள் மீட்கப்பட்டன.

பாட்டு வழியே நட்பு

இளையோர் சேர்ந்திசைப் பயணங்கள் வியன்னாவோடு நிற்பதில்லை. வேல்ஸ் நாட்டின் லாங்கோத்லன் என்ற சிற்றூரில் 1947 முதல் ஆண்டுதோறும் உலகச் சேர்ந்திசை விழா நடக்கிறது. போரில் சிதைந்த ஐரோப்பா பாட்டின் வழியே மீண்டும் கைகோக்க வேண்டும் என்பது அதைத் தொடங்கியவர்களின் எண்ணம். ஜெர்மனியின் ஓபர்ன்கிர்சென் ஊர்க் குழந்தைகள் 1953இல் அங்கே வந்து பாடி முதல் பரிசு வென்றார்கள். எட்டே ஆண்டுகளுக்கு முன் எதிரியாக இருந்த நாட்டின் பிள்ளைகள் அவர்கள். அவர்கள் பாடிய 'மகிழ்ச்சியான வழிப்போக்கன்' என்ற பாடல் பிரிட்டிஷ் வானொலியில் பரவி, மறு ஆண்டே இசைத்தட்டு விற்பனையில் இடம்பிடித்தது. குழு அமெரிக்காவுக்கும் அழைக்கப்பட்டது.

உக்ரைன் தலைநகர் கீவின் 'ஷ்செத்ரிக்' சிறார் பாடகர் குழு, போருக்கு நடுவே, 2022 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் பாடியது. உக்ரைனின் ஊர்ப் பாடலிலிருந்து மிகோலா லியோன்டோவிச் உருவாக்கிய கிறிஸ்துமஸ் காலப் பாடல் அமெரிக்காவில் முதன்முதலில் ஒலித்து நூறாண்டு நிறைந்ததை ஒட்டி அந்த நிகழ்ச்சி நடந்தது. மின்வெட்டுக்கும் வான்தாக்குதல் எச்சரிக்கைக்கும் இடையே பயிற்சி எடுத்துக்கொண்ட பிள்ளைகள், தங்கள் நாடு இன்னும் இருக்கிறது என்பதைப் பாடிச் சொன்னார்கள்.

1989இல் தொடங்கிய உலக இளையோர் பாடகர் குழுவின் முறை வேறு. பல நாடுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட, பதினேழு வயதைத் தாண்டிய இளைஞர்கள் ஏதேனும் ஒரு நாட்டில் ஒன்றுகூடி, சில வாரம் பயின்று, அந்த வட்டாரத்தில் பயணம் செய்து பாடிவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். அங்கே இசைப் பயிற்சியோடு, முன்பின் அறியாத நாட்டவருடன் சேர்ந்து வாழ்வதும் பாடம்.

மாறிவரும் நெறிகள்

குழந்தைகளைக் கொண்டு நடத்தும் எந்தக் கலைக்கும் பெரியவர்களின் பொறுப்பு மிகப் பெரியது. கட்டுப்பாடு கடுமையாக இருந்த பழைய காலத்தில் தாங்கள் கொடுமைக்கு ஆளானதாக வியன்னாக் குழுவின் முன்னாள் பாடகர்கள் சிலர் 2010இல் பொதுவெளியில் கூறினார்கள். புகார்களைக் கேட்கத் தனித் தொலைபேசி வசதியைக் குழு ஏற்படுத்தியது. ஐரோப்பா முழுவதும் விடுதிப் பள்ளிகளும் பாடகர் குழுக்களும் தங்கள் நடைமுறைகளைத் திருப்பிப் பார்த்த காலம் அது. சிறுவர் யாரிடம் தயங்காமல் முறையிடலாம், பொறுப்பாளர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது, ஓய்வுக்கு எவ்வளவு நேரம் என்பவை இன்று பாட்டின் தரத்துக்கு இணையாகக் கவனிக்கப்பட வேண்டியவை.

உறுப்பினர் முகமும் மாறியிருக்கிறது. ஒருகாலத்தில் ஆஸ்திரியச் சிறுவர்கள் மட்டுமே இருந்த குழுவில் இன்று ஆசியா, அமெரிக்கா உள்ளிட்ட பல பகுதிகளைச் சேர்ந்த பிள்ளைகள் பாடுகிறார்கள். கொரியாவைச் சேர்ந்த போமி கிம், நான்கு குழுக்களில் ஒன்றின் முதல் பெண் நடத்துநரானார். சிறுமிகளுக்கென 2004இல் வியன்னா சிறுமியர் பாடகர் குழு தொடங்கப்பட்டது. 2023 புத்தாண்டு நாளில், உலகம் முழுவதும் ஒளிபரப்பாகும் வியன்னா ஃபில்ஹார்மோனிக் நிகழ்ச்சியில் சிறுவர்களும் சிறுமிகளும் சேர்ந்து பாடினார்கள். 2017இல் ஆஸ்திரியா தன் மரபுக் கலைச் செல்வங்களின் தேசியப் பட்டியலில் சிறுவர் குழுவின் மரபைச் சேர்த்தது.

குரல் மாறியபின் குழுவை விட்டு விலகும் சிறுவர்களில் பலர் அதே வளாகத்தின் மேல்நிலைப் பள்ளியில் படிப்பைத் தொடர்கிறார்கள். ஆண் குரல் கனிந்தபின் மீண்டும் பாட விரும்பும் முன்னாள் உறுப்பினர்களுக்காக 1952 முதல் 'கோரஸ் வியன்னென்சிஸ்' என்ற ஆண்கள் குழு இயங்குகிறது. திருப்பலியிலும் பெரிய நிகழ்ச்சிகளிலும் அவர்கள் சிறுவர்களோடு சேர்ந்து பாடுவதுண்டு. மாக்ஸ் எமானுவேல் சென்சிச் போல உலக மேடைகளின் தனிப்பாடகர் ஆனவர்களும், எச்.கே. குரூபர் போல இசையமைப்பாளர் ஆனவர்களும் இருக்கிறார்கள். மற்றவர்கள் மருத்துவம், சட்டம், ஆசிரியப் பணி என வேறு துறைகளுக்குப் போகிறார்கள். எங்கே போனாலும் தன் பெட்டியைத் தானே அடுக்கவும், களைப்பை மறைத்து மேடையில் நிமிர்ந்து நிற்கவும், பக்கத்தில் நிற்பவனின் குரலைக் கேட்டுத் தன் குரலை அளவாக வைக்கவும் பத்து வயதிலேயே கற்றவர்கள் அவர்கள். வருமானத்துக்காகத் தொடங்கிய பயணங்கள் குழுவைக் காப்பாற்றின. அதில் பாடிய பிள்ளைகளுக்கு அவை வாழ்நாள் கல்வியாகவும் அமைந்தன.